ஏணியில் நின்ற இருபத்தேழு ஆட்டங்கள்

ஏப்ரல் முதல் தேதி காலையில் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். அது என்ன தேதி என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தீர்மானம் இதுதான். எங்கள் ஊர் பேஸ்பால் அணி இந்தப் பருவத்தில் உள்ளூரில் ஆடப்போகும் எழுபது ஆட்டங்களையும் நேரில் பார்ப்பது. ஒன்றைக்கூட விடுவதில்லை. மழை வந்தாலும் சரி, மச்சினி வந்தாலும் சரி.

என் பெயர் ஆர்வில் டெஸ்மர். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, அந்த மார்ச் மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் பைக் ரேப்பிட்ஸ் ஊருக்கு ஒரு ஆறு, ஒரு ஆலை, ஒரு அணி. அணியின் பெயர் நாரைகள். பெரிய அணி ஒன்று நகரத்தில் இருக்கிறது. அதற்கு ஆள் தேற்றுவதற்காகக் கீழே நாலைந்து படிகளில் சின்ன அணிகள். நாங்கள் கீழிருந்து இரண்டாவது படி. இங்கே வரும் பையன்களில் எவன் மேலே ஏறுவான், எவன் மூட்டை கட்டுவான் என்று கணிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் தொழில். ஆலை வேலை உபதொழில். இதற்கென்று தனி நோட்டுப் புத்தகமே இருக்கிறது. "இவன் நிச்சயம் உயரப் போவான்" என்று நான் அடிக்கோடு போட்ட பதினோரு பேரில் ஒருவன் மட்டும் உயரப் போனான். இப்போது விமானத்தில் காபி கொடுக்கிறான்.

என் மனைவி மார்லிஸும் அதே ஏப்ரலில் ஒரு தீர்மானம் வைத்திருந்தாள்.

"ஏங்க, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். ரிட்டயர் ஆனதும் அடிக்கிறேன்னு சொன்னீங்க."

"எப்ப சொன்னேன்?"

"எண்பத்தாறுல."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"வீடும் ஒரு பேச்சுக்குத்தான் நின்னுட்டிருக்கு. மேற்குச் சுவத்துல கைய வெச்சா பெயின்ட் கையோட வருது. இன்னும் ஒரு வருஷம் போனா சுவரே கையோட வரும்."

ஒரு வீட்டில் இரண்டு தீர்மானம் இருந்தால் அதில் ஒன்றுதான் தீர்மானம். மற்றது ஆசை. எது எது என்பது கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் சும்மா இருப்பேனா? மூளையைக் கசக்கினேன். கசக்கினதில் ஒரு யோசனை சொட்டியது.

கீழ்ப் படியில் ஆடும் பையன்களுக்குச் சம்பளம் கொஞ்சம்தான். அதனால் ஊரில் மனசு உள்ள குடும்பங்கள் ஒரு அறை கொடுத்து, சோறு போட்டு, ஆளுக்கொரு பையனை வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு அணி இரண்டு இருக்கை தரும், பருவம் முழுக்க, மட்டைக்காரனுக்கு நேர் பின்னால். பையன் நம் வீட்டுப் பையன் ஆகிவிட்டால், அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போகாதே என்று எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்?

"மார்லிஸ், பாவம், பத்தொம்பது வயசுப் பசங்க. அப்பா அம்மாவ விட்டுட்டு வர்றாங்க. நம்ம பொண்ணு ரூமு சும்மாதானே கெடக்கு?"

"சரிங்க."

"சரியா?"

"சரின்னுதானே சொன்னேன்."

முப்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவள் எதற்கும் முதல் தடவையில் சரி சொன்னதில்லை. கல்யாணத்துக்கே மூன்றாம் தடவைதான் சொன்னாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப அவன் ஆடும்போது நாம போய்ப் பாக்காம இருந்தா நல்லாருக்காதுல்ல?"

"நாம இல்லீங்க, நீங்க. எனக்கு அந்த ஆட்டமே புடிக்காது. பதினெட்டுப் பேரு மூணு மணி நேரம் துப்பிக்கிட்டே நிக்கிறாங்க."

இப்படியாக வந்து சேர்ந்தான் வெஸ்லி டகட். ஓக்லஹோமாப் பையன். கையில் ஒரு பெட்டி, தோளில் மூன்று மட்டை, வாய் நிறைய "சார்", "அம்மா". வருங்கால வீரர்கள் முப்பது பேரை வரிசைப்படுத்தி ஒரு புத்தகம் போடுவார்கள். அதில் இவன் இருபத்தேழாவது. நான் என் நோட்டில் ஒன்பதாவதாகப் போட்டேன். நம் வீட்டுச் சோறு தின்கிறவனை இருபத்தேழில் விட்டுவைக்க முடியுமா?

விட்டுவைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவன் முன்னால் பான்கேக் வரும். அதற்குள் நான் வந்துவிடுவேன், நோட்டோடு.

"வெஸ்லி, நேத்து ரெண்டாவது தடவ மட்டை புடிச்சப்ப முழங்கை எறங்கிப் போச்சுப்பா."

"ஆமா சார்."

"மூணாவது தடவ பின்னங்கால் நகந்துச்சு."

"ஆமா சார்."

"நாலாவது தடவ..."

"ஏங்க, அவன் வாயில போட்டத முழுங்கட்டும்" என்பாள் மார்லிஸ்.

மைதானத்திலும் நான் கடமை தவறவில்லை. அவனுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில்தான் என் இருக்கை. பந்து வீசுகிறவன் கையைத் தூக்கும்போதே, "முழங்கை! முழங்கை!" என்பேன். பந்து வந்துகொண்டிருக்கும்போது, "பின்னங்கால்!" பந்து போன பிறகு, "நான் சொல்லல?" ஆலையில் எந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகின தொண்டை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீன் பிடிக்கிறவர்களெல்லாம் முழங்கையை உயர்த்திக்கொண்டார்கள் என்று பக்கத்து வீட்டு டுவேன் குபியாக் சொல்வான். பொறாமை பிடித்தவன்.

இவ்வளவு செய்தும் பையன் அடிக்கவில்லை. நாற்பத்தொரு தடவை மட்டை பிடித்து, ஒழுங்காக அடித்து முதல் மூலை வரை பத்திரமாக ஓடிச் சேர்ந்தது ஐந்தே தடவை. அதற்குத்தான் ஹிட் என்று பேர். மே மாதம் பிறந்ததும் டுவேன் வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"ஆர்வில், சேதி தெரியுமா? இந்த மாசக் கடைசிக்குள்ள தேறலேன்னா வெஸ்லிய ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். பயிற்சியாளர் பார்பர் கடையில சொல்லியிருக்காரு."

எனக்குப் பகீரென்றது. சத்தியமாகச் சொல்கிறேன், இருக்கைக்காகத்தான் அவனைக் கூட்டி வந்தேன். ஆனால் ராத்திரி சாப்பிட்டதும் தட்டை அவனே கழுவி வைப்பான். மார்லிஸ் சுடும் ருபார்ப் இனிப்பைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். ஊருக்கு ஃபோன் பண்ணும்போது, "நல்லா ஆடறேம்மா" என்று பொய் சொல்வான். பையன் மேலே பாசம் விழுந்து தொலைத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மார்லிஸ் கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கு ஒரே ஒரு நாளு வீட்டுல இருந்து முன்பக்கச் சுவத்தச் சொரண்டிக் குடுங்களேன். ஒரே நாளு. வானமா இடிஞ்சு விழுந்துடும்?"

ஒரு நாள்தானே என்று ஒப்புக்கொண்டேன். ரேடியோவை ஏணியில் மாட்டிக்கொண்டு சுரண்டினேன். வெஸ்லி மூன்று ஹிட் அடித்தான். மூன்று! ஏணியிலேயே ஆடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாழ்த்தோடும் நோட்டோடும் மைதானத்துக்கு ஓடினேன். நாலு தடவை மட்டை பிடித்தான். பூஜ்யம். மூன்று தடவை மட்டை காற்றைத்தான் அடித்தது.

திங்கட்கிழமை காலை வேலியோரம் டுவேன் தாடையைச் சொறிந்தான். "சனிக்கிழமை நீ வரல. அடிச்சான். ஞாயித்துக்கிழமை வந்தே. அடிக்கல. நான் ஒண்ணும் சொல்லலப்பா, சும்மா சொல்றேன்."

இங்கேதான் எங்கள் ஆட்டத்தின் வேதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருவனுக்குக் கை வந்துவிட்டால், எதையும் மாற்றக் கூடாது. அன்றைக்கு எந்த சாக்ஸ் போட்டானோ அதே சாக்ஸ். எதைத் தின்றானோ அதே தீனி. யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும். இந்த வேதத்தில் நான் தீவிர பக்தன். நாரைகள் கோப்பை வென்ற வருஷம் நான் போட்டிருந்த தொப்பியைப் பதினேழு வருஷமாகத் தோய்க்க விட்டதில்லை. வாசல் ஆணியில் தொங்கும். தபால்காரன் அதைச் சுற்றிக்கொண்டுதான் வருவான்.

உள்ளே போனேன். மார்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ், சனிக்கிழமை நான் எங்க இருந்தேன்?"

"ஏணி மேல."

"என்ன போட்டிருந்தேன்?"

"அந்த ஓட்ட ஓவரால்."

"அப்ப அதான் காரணம்."

"எதுக்குங்க?" அப்பாவியாகக் கேட்டாள். முப்பத்தாறு வருஷத்தில் அவ்வளவு அப்பாவியான முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நானே விளக்கினேன். நானே வேதத்தை எடுத்துச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது குளம் இருக்கும். நான் ஏணியில் ஏறிக் கெட்டேன்.

"அய்யோ, அப்ப நீங்க ஆட்டத்துக்குப் போகக் கூடாதா?" என்றாள் மார்லிஸ். "வேணாங்க. வீடு எங்க ஓடிப் போவுது? நீங்க போங்க. பையன் என்னமோ ஆயிட்டுப் போறான்."

"என்ன பேச்சுப் பேசறே! அவன் பொழப்பு போயிடும்!"

"அப்ப ஒங்க இஷ்டம். இருக்கை காலியா இருந்தா நல்லாருக்காது. நான் போய் ஒக்காந்துக்கிறேன். பக்கத்துல டுவேன் ஒக்காரட்டும்."

அன்று ஏணியில் நின்றேன். வெஸ்லி இரண்டு ஹிட். மறுநாள் ஒன்று. அதற்கு மறுநாள் இரண்டு. அவன் பந்தை அடித்தான், நான் பெயின்ட் அடித்தேன். அவன் அடிக்க அடிக்க நானும் அடிக்க வேண்டியதாயிற்று. அடிப்பதில் அவனுக்கு ஒரு நாள் ஓய்வு உண்டு. எனக்குக் கிடையாது, அன்றைக்கு அடுத்த நாளுக்காகச் சுரண்ட வேண்டும். அணி வெளியூர் போனாலும் ரேடியோவோடு ஏணி. தொடர்ந்து ஹிட் விழுந்த ஆட்டம் பத்தாகிவிட்டது. முன்பக்கச் சுவர் வெண்ணெய் நிறத்தில் மின்னியது.

ஒரு நாள் காலை ஆசையோடு பான்கேக் மேஜைக்குப் போனேன்.

"வெஸ்லி, பத்து ஆட்டமா தொடர்ந்து..."

"ஷ்ஷ்!" மார்லிஸ் கரண்டியைத் தூக்கினாள். "தொடர்ந்து அடிக்கிறவன்கிட்ட அதப் பத்திப் பேசவே கூடாது. நீங்கதானே சொல்வீங்க?"

சொல்லியிருக்கிறேன். அதுவும் வேதத்தில் உண்டு. வேதத்தின் முதல் பக்கத்திலேயே உண்டு.

"முழங்கையப் பத்தி மட்டும்..."

"முழங்கை அதுல சேந்ததுதானே? மாத்தக் கூடாதுங்க."

நோட்டை மூடினேன். பையன் நிம்மதியாக ஐந்து பான்கேக் தின்றான். முன்பெல்லாம் இரண்டுதான் தின்பான்.

மேற்குச் சுவர் முடிந்தபோது பதினாறு. தெற்குச் சுவர் முடிந்தபோது இருபத்திரண்டு. மே மாதம் முடிந்துவிட்டது, வெஸ்லியை ஊருக்கு அனுப்பும் பேச்சையே காணோம். அதற்குப் பதில் பெரிய அணியிலிருந்து கோட்டுப் போட்ட ஆட்கள் வந்து அவனைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் தெற்குச் சுவரில் இருந்தேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மார்லிஸ் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வருவாள், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு.

"எப்படி அடிச்சான் மார்லிஸ்? சுழல் பந்துன்னு ரேடியோவுல சொன்னான்."

"ரேடியோக்காரனுக்கு என்ன தெரியும்? அது சுழல் இல்லீங்க. வேகத்தக் கொறச்சுப் போட்டது. அதே கை அசைவு, ஆனா பந்து எட்டு மைல் கம்மி. நம்ம பையன் காத்திருந்து அடிச்சான்."

ஏணியிலிருந்து விழாமல் தப்பித்தேன். துப்பிக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொன்ன பெண்பிள்ளை!

"டுவேன் என்ன சொல்றான்?"

"அவருக்கு ஒண்ணும் தெரியலீங்க. நான்தான் சொல்லிக் குடுக்கிறேன்."

எங்கள் அணியில் தொடர்ந்து ஹிட் அடித்த சாதனை இருபத்தாறு ஆட்டம். நான் பையனாக இருந்தபோது ஒருத்தன் போட்டது. அதற்கப்புறம் எவனும் நெருங்கவில்லை. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை வெஸ்லி அதைத் தொட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபத்தேழாவது ஆட்டம், உள்ளூரில். வடக்குச் சுவரில் மூன்று பலகைதான் பாக்கி.

இருபத்திரண்டு வருஷமாக நோட்டு எழுதுகிறேன். என் வீட்டில் தங்கிய பையன், என் கணிப்பில் ஒன்பதாவது பையன், ஊர்ச் சாதனையை உடைக்கப் போகிறான். நான் மூன்று பலகைக்குப் பெயின்ட் அடிப்பதா?

"மார்லிஸ், இன்னிக்கு ஒரு நாளு நான் வரட்டுமா?" குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"தாராளமா வாங்க. ஹிட் விழலேன்னா சாயங்காலம் அந்தப் பையன் மூஞ்சிய நீங்களே பாத்துக்குங்க."

அவள் காரில் ஏறிப் போனாள். நான் ஏணியில் ஏறினேன். தேசிய கீதம் ரேடியோவில் கேட்டது. அது முடிவதற்குள் இறங்கிவிட்டேன்.

டுவேனின் தோட்டத்து வைக்கோல் தொப்பியை வேலியிலிருந்து சுட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். மைதானத்தின் இடது ஓரத்தில், வெகு தூரத்தில், ஒரு புல்மேடு உண்டு. குழந்தைகளைக் கூட்டிவருகிறவர்கள் உட்காருமிடம். அங்கே ஒரு குண்டு அம்மாள் பின்னால் பதுங்கினேன். ஒரே பயம்தான். பழக்க தோஷத்தில் வாய் திறந்துவிட்டால் என் குரலை மார்லிஸ் அடுத்த மாவட்டத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன்.

முதல் தடவை வெஸ்லி மட்டை பிடித்தான். பந்தை நேராக எதிரணி ஆட்டக்காரன் கையில் அடித்தான். இரண்டாவது தடவை உயரத் தூக்கிக் கொடுத்தான். மூன்றாவது தடவை காற்று. என்னால்தான், என்னால்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து ஓடிப்போய் ஏணியில் ஏறிவிடலாமா என்று பார்த்தேன். கால் எழவில்லை. ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ். கடைசி வாய்ப்பு. முழங்கை இறங்கியிருந்தது. நிச்சயமாக இறங்கியிருந்தது! கைக்குட்டையைக் கடித்தேன். பாதி உள்ளே போய்விட்டது.

டொக்!

பந்து என்னை நோக்கித்தான் வந்தது. இடதுபக்க ஆட்டக்காரன் ஓடி வந்தான், பாய்ந்தான், ஒரு சாண் முன்னால் பந்து புல்லில் விழுந்தது. ஊரே எழுந்து நின்றது. நான் அழுதேன். வாயில் துணி இருந்தால் அழுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தூரத்தில் என் இருக்கையைப் பார்த்தேன். மார்லிஸ் அதன் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். தலையில் என் தொப்பி. அது என் தொப்பி என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பளீரென்று வெள்ளையாக இருந்தது. அதன் நிறம் வெள்ளை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து ஏணியில் ஏறிக்கொண்டேன். அரை மணியில் கார் வந்தது. மார்லிஸும் வெஸ்லியும் இறங்கினார்கள்.

"அடிச்சிட்டானாமே! ரேடியோவுல கேட்டேன்!" என்றேன், மூச்சு வாங்க.

மார்லிஸ் ஏணியடியில் வந்து நின்றாள். பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கட்டையாகக் கிடந்தது. தலையில் டுவேனின் வைக்கோல் தொப்பி வேறு. கழற்ற மறந்துவிட்டேன்.

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வீரம் வந்துவிட்டது.

"ஆமா, வந்திருந்தேன்! புல்மேட்டுலேருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன்! நான் இருக்கும்போதே அடிச்சான்! தொப்பியையும் தோச்சுட்டே!"

"மே மாசமே, சுவரு அடிக்க ஆணியிலேருந்து எடுத்தப்பவே தோச்சு ஒளிச்சு வெச்சாச்சு. அவன் சாக்ஸையும் தெனம் தோய்க்கிறேன்."

"அப்ப ஏணி, ஓவரால், வேதம் எல்லாம் பொய்! இருபத்தேழு ஆட்டம் என்னை ஏமாத்தி நாலு சுவரு அடிக்க வெச்சுட்டே! நாளையிலேருந்து என் இருக்கையில நான்தான்!"

மார்லிஸ் வெஸ்லியைப் பார்த்தாள். வெஸ்லி தன் காலணியைப் பார்த்தான்.

"சொல்லிடுப்பா" என்றாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றான் பையன். காது சிவந்துவிட்டது. "ஏப்ரல்ல நான்தான் இந்த அம்மாகிட்ட அழுதேன். பந்து வரும்போது எனக்குப் பந்து தெரியல சார். பின்னால ஒங்க குரல்தான் கேக்குது. கனவுலகூட முழங்கை முழங்கைன்னு... நீங்க பிரியமாத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். எப்படி ஒங்ககிட்ட சொல்றதுன்னு தெரியல. நான் பாத்துக்கிறேன்னு அம்மா சொன்னாங்க."

மேலே நிற்பதா கீழே இறங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"புல்மேட்டுல ஒக்காந்து எத்தன தடவ கத்தினீங்க?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"எங்க கத்தறது? வாயில கைக்குட்ட."

"அதான பாத்தேன்."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மடித்த துணி ஏதோ இருந்தது. ஏணியில் இரண்டு படி ஏறி அதை என் ஓவரால் பையில் செருகினாள். தோய்த்து, இஸ்திரி போட்ட கைக்குட்டைகள்.

"நாளைக்குத் தாராளமா வாங்க, ஒங்க இருக்கையிலயே ஒக்காருங்க" என்றாள். "ரெண்டா வெச்சிருக்கேன். ஒம்பது இன்னிங்ஸுக்கு ஒண்ணு தாங்காது."